லிமேனியில் சொன்ன சம்மதம்

ஸ்ட்ராத்திஸ் என்னிடம் ஏதோ கேட்கப் போகிறான் என்பது கோடை ஆரம்பத்திலேயே எனக்குத் தெரியும். தெசலோனிக்கியிலிருந்து போன் செய்தவன், "ஃப்ரோசோஓ, இந்த வருஷப் பயணத்துக்கு நீ கண்டிப்பா வரணும். உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். போன்ல கேக்கற விஷயம் இல்ல" என்றான். என் பெயரின் கடைசி எழுத்தை இழுத்துச் சொல்லுவான். பள்ளிக்கூடத்தில் சண்டைக்குக் கூப்பிடும்போதும் அப்படித்தான், அப்பா செத்தபோது கல்லறையில் என் தோளைப் பிடித்துக் கூப்பிட்டபோதும் அப்படித்தான். வேறு யார் அப்படி இழுத்தாலும் எனக்கு எரிச்சல் வரும்.

நான் எந்த வருஷம் போகாமல் இருந்தேன்? பள்ளிக்கூடம் முடித்த கோடையில் ஆரம்பித்த வழக்கம் அது. நாலு பேர், ஒரு கார். எங்கள் ஊர் கலமாட்டாவில் புறப்பட்டு, மானி தீபகற்பத்தின் கரையோடு கரையாக, தெற்கே நிலம் முடிகிற இடம் வரைக்கும். தலை நரைக்கத் தொடங்கியும் நாங்கள் அதை விடவில்லை.

போனை வைத்த கையோடு, நாலு பேரில் இன்னொருத்தியான மெல்போவின் சலூனுக்கு ஓடினேன். அவள் யாருக்கோ முடி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்திரியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அடி மக்கு, இதுகூடவா புரியல? கல்யாணத்துக்குக் கேக்கப் போறான்."

"சும்மா இருடி."

"வேற என்ன கேப்பான்? கலமாட்டாவுல தக்காளி என்ன விலைன்னா?"

நாற்காலியில் இருந்த பெண் ஈரத் தலையோடு திரும்பி, "கல்யாணந்தான்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

போதாததற்கு ஸ்ட்ராத்திஸின் அம்மா வேறு. எங்கள் தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருக்கிறாள். வாயில் ஒன்றும் நிற்காது. அந்த வாரம் சிகரெட் வாங்கப் போன என் கன்னத்தைக் கிள்ளி, "உன்னை விட்டா என் பையனுக்கு யாருடி இருக்கா?" என்றாள். கண் வேறு கலங்கியிருந்தது. நான் வீட்டுக்கு வந்து சிகரெட்டை மறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் அவனைக் காதலித்தேன். சுற்றி வளைப்பானேன்? பதினாறு வயதிலிருந்து. அவன் வேலை கிடைத்து வடக்கே போனபோது, போனால் போகட்டும் என்று வேறு ஒருத்தனோடு இரண்டு வருஷம் ஓட்டிப் பார்த்தேன். அந்த மனுஷன் பாவம், என்னோடு சாப்பிடும்போதெல்லாம் நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை அவன் கேட்காவிட்டாலும் நானே வாயைத் திறந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். மெல்போ என் நரையை மறைத்துவிட்டாள். வெள்ளைப் பருத்தி உடை ஒன்று வாங்கினேன், இடுப்பில் கட்டிக்கொள்ள நீல நாடா வைத்தது.

மெல்போவின் புருஷன் ஆர்யிரிஸ்தான் எப்போதும் வண்டி ஓட்டுவான். வளைவுகளில் எனக்குத் தலைசுற்றும் என்பதால் முன் இருக்கை எனக்கு. ஸ்ட்ராத்திஸ் எனக்குப் பின்னால், முழங்கால் என் முதுகில் இடிக்கிற மாதிரி. அத்திப்பழத்தை உரித்து உரித்து என் தோளுக்கு மேலே நீட்டுவான்.

"காருக்குள்ள தோலைப் போட்டீங்க, அடுத்த வளைவுல இறக்கி விட்டுடுவேன்" என்றான் ஆர்யிரிஸ்.

"உன் கார்ல தோல் ஒண்ணுதான்டா புதுசா இருக்கு" என்றான் ஸ்ட்ராத்திஸ்.

"ஃப்ரோசோவோட டிரஸ்ஸும் புதுசு" என்று மெல்போ எடுத்துக் கொடுத்தாள். "பாத்தியா ஸ்ட்ராத்திஸ்?"

"பாத்தேன் பாத்தேன். ஜம்முனு இருக்கா." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே கடல் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வழியில் லிமேனி என்கிற கடலோர ஊரில் மதியம் இறங்கினோம். தண்ணீரை ஒட்டியே மேஜை போட்டிருக்கும் கடை, வருஷா வருஷம் அதே மேஜை. நீந்தினோம், பொடிமீன் வறுவலும் சுட்ட ஆக்டோபஸும் தின்றோம். ஆர்யிரிஸ் மீன் தலைகளைத் தண்ணீரில் போட்டு, அங்கே வருகிற கடலாமையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்போது ஸ்ட்ராத்திஸ் என் கையைத் தட்டினான்.

"வா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்."

மெல்போ மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தாள். அந்த வலி எனக்கு இனித்தது.

பாறையில் வெட்டிய படிகளில் ஏறி, கற்கோபுர வீடு ஒன்றின் நிழலில் நின்றோம். அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். அப்படிப் பதறி நான் அவனைப் பார்த்ததில்லை.

"எப்படிக் கேக்கறதுன்னு தெரியல, ஃப்ரோசோ. நான் என்ன கேக்கப் போறேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அம்மா உளறிட்டாங்களா?"

"உளறல. ஆனா தெரியும்."

"இதுக்கு உன்னை விட்டா எனக்கு வேற ஆள் கிடையாது. மாட்டேன்னு மட்டும் சொல்லிடாத."

"மாட்டேன்னு சொல்ல மாட்டேன். சரிடா. சரி."

"சத்தியமா?"

"சத்தியமா."

என்னை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். கன்னத்தில் முத்தம் கொடுத்தான், இரண்டு பக்கமும். கன்னத்தில்தானே கொடுத்தான் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைக்கும்? என்னை இறக்கிவிட்டு, படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஒத்துக்கிட்டா" என்று கத்தினான்.

நான் மெதுவாக இறங்கினேன். அந்தப் படிகளில் இறங்கிய நேரம்தான் என் வாழ்க்கையில் நான் கல்யாணப் பெண்ணாக இருந்த நேரம். கீழே மெல்போ எழுந்து நின்று அழுதுகொண்டிருந்தாள். ஆர்யிரிஸ் ஒயின் கொண்டுவரச் சொன்னான். கடைக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நல்ல நேரத்துல கூடி வரட்டும்" என்று வாழ்த்தினாள். நான் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டேன்.

"எத்தனை வருஷம்டா. எத்தனை வருஷம் இதுக்காக" என்று மெல்போ அவன் முதுகில் குத்தினாள். "எப்போ கல்யாணம்?"

"செப்டம்பர் கடைசில. தானாயோட ஊர்ல."

"யாரோட ஊர்ல?" என்றான் ஆர்யிரிஸ்.

"தானாய். என்கூட வேலை பாக்கறாளே, சொல்லியிருக்கேனே. இந்தத் தடவை எல்லார்கிட்டயும் நேர்ல சொல்லணும்னு வச்சிருந்தேன். முதல்ல கும்பாரா சம்மதிக்கணும் இல்ல? இப்ப கிடைச்சுட்டா." என் தோளில் கை போட்டான். "வேற யார் கையாலயும் நான் கல்யாண முடி வச்சுக்க மாட்டேன்னு அவகிட்ட சொல்லிட்டேன்."

மெல்போவின் கை அவன் முதுகிலேயே நின்றுவிட்டது.

கும்பாரா என்றால் எங்கள் ஊரில் விளையாட்டில்லை. பாதிரியாருக்குப் பக்கத்தில், மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பின்னால் நின்று, இரண்டு பேர் தலையிலும் இருக்கிற மலர்முடியை மும்முறை மாற்றி மாற்றி வைப்பது அவள்தான். முதல் பிள்ளைக்கு ஞானத்தாயும் அவள்தான். அன்றிலிருந்து அவள் ரத்த சொந்தம். மாப்பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில் வேறு ஒரு நினைப்பு வந்தால் ஊர் காறித் துப்பும். வார்த்தை கொடுத்துவிட்டுப் பின்வாங்கினாலோ, அந்தக் கல்யாணத்துக்கே ஆகாது என்பார்கள். இத்தனை பேர் முன்னால் நான் வார்த்தை கொடுத்திருந்தேன். அவன் இன்னதென்று கேட்பதற்கு முன்னாலேயே.

"என்ன மெல்போ, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்றான் ஸ்ட்ராத்திஸ்.

"உனக்கும் ஒருத்தி கிடைச்சாளேன்னு அதிர்ச்சிடா, அவளுக்கு" என்றேன் நான். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவன் சிரித்தான். நம்பிவிட்டான். அவன் நல்லவன், ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவனாக இருந்தால் ஒயின் கிளாஸை மூஞ்சியில் ஊற்றிவிட்டு பஸ் பிடித்திருப்பேன்.

கடைக்காரம்மாவுக்கு இப்போதுதான் விஷயம் விளங்கியது. தப்பாக வாழ்த்திவிட்டோமே என்று சங்கடப்பட்டு, என் தலையைத் தடவி, "அடுத்தது உனக்கும் ஆகட்டும், கண்ணு" என்றாள். கல்யாணமாகாதவர்களுக்கு எல்லாரும் சொல்வதுதான். எத்தனையோ கல்யாணங்களில் கேட்டிருக்கிறேன்.

முகம் கழுவப் போனேன். மெல்போ பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"முடியாதுன்னு சொல்லிடு."

"ஏன்னு கேப்பானே?"

"காரணத்தைச் சொல்லு. உள்ளதைச் சொல்லு. ஒரு தடவையாவது சொல்லித் தொலையேன்டி."

"சொன்னா கல்யாணத்தை நிறுத்திடுவானா?"

அவள் குழாயைத் திறந்தாள், மூடினாள்.

"நிறுத்த மாட்டான். அப்புறம் வருஷா வருஷம் இந்தக் கார்ல எப்படி உக்காருவேன்? கும்பாராவா இருந்தா உக்காரலாம்." சொல்லிவிட்டு அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதேன். என்னை அணைத்துக்கொண்டு அவளும் அழுதாள். முகத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு வெளியே வந்தோம்.

வெளியே ஆர்யிரிஸ், கிறுக்கன், எதையாவது செய்து இறுக்கத்தைக் குறைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான்.

"கும்பாராவுக்கு முடி மாத்தத் தெரியுமா? கீழ போட்டுட்டா மானம் போயிடும். இப்பவே ஒத்திகை பாத்துடலாம்" என்று இரண்டு வைக்கோல் தொப்பிகளை எடுத்தான். ஒன்றை ஸ்ட்ராத்திஸ் தலையில் வைத்தான், இன்னொன்றைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, இமையைப் படபடவென்று அடித்தான். "நான்தான் பொண்ணு. என்னை வச்சுக் காப்பாத்துவியா மாப்பிள்ள?"

"மொதல்ல நீ மீசையை எடு" என்றான் ஸ்ட்ராத்திஸ். பக்கத்து மேஜைக்காரர்களும் சிரித்தார்கள். "ரெண்டு முடியையும் சேத்துக் கட்ட நாடா வேணுமே. ஃப்ரோசோ, உன் இடுப்புல இருக்கறதைக் கழட்டிக் குடேன்."

மெல்போ, "வேண்டாம், அது புதுசு" என்றாள்.

"பரவால்ல" என்றேன். முடிச்சை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தேன். அவனே தொப்பி இரண்டையும் என் நீல நாடாவால் இணைத்துக் கட்டினான்.

இரண்டு பேருக்கும் பின்னால் போய் நின்றேன். கைகளைக் குறுக்காக வைத்து ஒரு முறை மாற்றினேன். இரண்டாம் முறை மாற்றினேன். கடைக்காரம்மா வாசலில் நின்று பாதிரியார் மாதிரி முணுமுணுத்தாள். மூன்றாம் முறை தொப்பியை அவன் தலையில் வைத்தபோது கையை எடுக்க முடியவில்லை. அவன் தலைமுடியில் கடல் உப்பு காய்ந்து சொரசொரவென்றிருந்தது. அதைத் தொட்டுப் பார்க்க எவ்வளவு காலமாக ஆசைப்பட்டிருக்கிறேன். இப்படித்தான் தொட வேண்டும் என்று இருந்திருக்கிறது.

"என்ன, அப்படியே நின்னுட்ட, பயந்தாங்கொள்ளி" என்றான் அவன், திரும்பாமலே.

"வெயில்டா" என்றேன்.

மறுபடியும் தெற்கே புறப்பட்டோம். தொப்பிகளை அவிழ்க்க ஸ்ட்ராத்திஸ் விடவில்லை. பின்கண்ணாடிப் பக்கம், நாடாவோடு, பத்திரமாக வைத்தான். கல்யாணம் வரைக்கும் அப்படியே இருக்கட்டும், ராசி என்றான். என் உடை இடுப்பில் பிடிப்பில்லாமல் சாக்கு மாதிரி தொளதொளவென்று தொங்கியது. மெல்போ பின்னாலிருந்து என் தோளைப் பிடித்திருந்தாள். ஆர்யிரிஸ் பாட்டுப் போட்டான். கடல் காலையில் இருந்த மாதிரியேதான் மின்னிக்கொண்டிருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் என் தோளுக்கு மேலே உரித்த அத்திப்பழம் ஒன்று நீண்டது.

"இந்தா, கும்பாரா."

வாங்கித் தின்றேன். அதற்குப் பிறகு அவன் என்னை ஃப்ரோசோ என்று கூப்பிடவே இல்லை.