கரடிப் பாதையில் கைத்துப்பாக்கி

போன வருஷம், அமெரிக்காவின் மொன்டானாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் தேசியப் பூங்காவில், ஒரு கரடி என் இடது கண்ணைப் பறித்துவிட்டது. ஏரிக்குப் போகும் பாதையில் நடந்தது அது. மிச்சமிருக்கும் கண்ணால் அந்த ஏரியைப் பார்த்தே தீருவது என்று இருந்தேன், அதுவும் தனியாக. இல்லாவிட்டால் ஆயுசு முழுக்க ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இடுப்பில் துப்பாக்கியை மாட்டியதும் என் புருஷன் ஆரின், முகத்தைச் சுளித்தான்.

"கரடிய விரட்ட மிளகாய் ஸ்ப்ரே போதும் வெர்னா. ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு எதைக் குறி பார்க்கப் போற?"

"குறி பார்க்கறவங்க ஒரு கண்ண மூடத்தான செய்றாங்க? எனக்கு அந்த வேலை மிச்சம்."

"அப்போ நானும் வரேன்."

"வந்தா காலை ஒடிச்சிடுவேன்."

பூங்கா வாசலில் ரேஞ்சர் பெண் துப்பாக்கியைப் பார்த்தாள். "வச்சுக்கங்க, சட்டம் தடுக்கல. ஆனா வளைவுக்கு வளைவு குரல் குடுங்க. ஆள் வர்றது தெரிஞ்சா கரடி தானா ஒதுங்கிடும்."

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். வளைவு வந்தால் "ஏய் கரடி" என்று கத்த வேண்டும். ஆனால் ரேஞ்சரைத் தாண்டியதும் நான் கத்தவே இல்லை. துப்பாக்கி இருக்கும்போது கரடியிடம் எதற்கு வழி கேட்பது என்ற திமிர்.

பாதி தூரத்தில் பின்னால் புதர் சடசடத்தது. திரும்பினேன். இலைகளுக்குள் பழுப்பாக, பெரிதாக ஏதோ அசைந்தது. துப்பாக்கி கைக்கு வந்துவிட்டது, விரலும் விசைக்குப் போய்விட்டது. இந்த முறை விடுவதாக இல்லை. ஆனாலும் பழக்க தோஷம், "ஏய் கரடி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நான்தான், வெர்னா!" என்றது புதர்.

பழுப்புச் சட்டையில் ஆரின் எழுந்து நின்றான், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு.

"அறிவிருக்கா உனக்கு? ஏன் கத்தாம வந்த?"

"கத்தினா விரட்டிடுவியே. அதான் ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்தேன். நீ ஏன் கத்தல?"

துப்பாக்கியைக் கீழே இறக்கினேன்.

"நான் பேசாம இருந்திருந்தா?" என்று கேட்டான்.

"சுட்டிருப்பேன்."

அவன் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் துப்பாக்கியை உறையில் செருகினேன்.

"திரும்பிடலாமா?" என்றான்.

"மாட்டேன். எழுந்திரு. முன்னால நட, கத்திக்கிட்டே நட."

இருவரும் தொண்டை வறளக் கத்திக்கொண்டே போனோம். ஏரி வந்ததை அவன்தான் சொன்னான். நான் அவன் முதுகைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.