வாசல் மறியல்

போலீஸ்காரரின் இடது கன்னத்தை மழித்து முடித்து, வலது கன்னத்துக்கு ரேசரைக் கொண்டுபோனபோதுதான் குருவி விஷயத்தைச் சொன்னாள்.

"நாளையிலிருந்து வேற ஆள் வருவாங்க சார். என்னை இவங்களோட இன்னொரு கிளைக்கு மாத்திட்டாங்க. மத்தியானம் வேன் வருது."

அவர் சட்டென்று கையைத் தூக்கினார். காலமெல்லாம் நாற்சந்தியில் நின்று லாரிகளை நிறுத்திய கை. ரேசரும் நின்றது.

"யாரைக் கேட்டு மாத்தினாங்க? நீ மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"மாட்டேன்னா வேலை போயிடும். வேலை போனா விசா போயிடும். அப்புறம் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். முகத்தைத் திருப்புங்க, நுரை காயுது."

அவர் திருப்பவில்லை.

அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்குக் குருவி என்று பேர் வைத்ததே அவர்தான். கடல் தாண்டி வேலைக்கு வந்த புதிதில் அவளுக்கு இந்த ஊர்ப் பேச்சு அரைகுறை. மிச்சத்தை அவரிடம் கற்றுக்கொண்டாள். அதன் பலன், சாப்பாட்டு வண்டிக்கு வழிவிடாமல் நின்ற மேனேஜரிடமே ஒருநாள், "யோவ், ஓரங்கட்டு! ரோடு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கேட்டுவைத்தாள். தயவுசெய்து நகருங்கள் என்பதை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்திருந்தாள். போலீஸ்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் பல்செட் கழன்று மடியில் விழுந்துவிட்டது.

அவரைக் கொண்டுவந்து சேர்த்த புதிதில் யாரையும் தன் உடம்பைத் தொட விட்டதில்லை. குளிப்பாட்ட வந்தவன் மேல் குவளையை வீசினார். குருவிதான் அவர் இடுப்பில் துண்டைப் போர்த்திவிட்டு, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, ஊரில் தன் மகன் செய்யும் அட்டகாசங்களைச் சொல்லத் தொடங்கினாள். ஆட்டுக்குட்டியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன கதை முடிவதற்குள் குளியல் முடிந்திருந்தது. ஆட்டுக்குட்டி என்ன ஆனது என்று கேட்பதற்காகவே மறுநாள் அவராகக் கூப்பிட்டார்.

இப்போது அதே மனிதர், ஒரு கன்னத்தில் நுரையோடு, சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வெளியே போனார். "சார், துண்டு! சார்!" என்று குருவி பின்னால் ஓடினாள்.

முன்வாசலை அடைந்ததும் கதவுக்கு நேர் குறுக்காக நாற்காலியை நிறுத்திப் பிரேக்கைப் போட்டார்.

"டீச்சரம்மா! இங்க வாங்க. நம்ம குருவியைத் தூக்கிட்டுப் போறாங்களாம்!"

காலைப் பேப்பரில் தப்புக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த டீச்சரம்மா, நடைவண்டியைத் தட்தட்டென்று ஊன்றி வந்து அவர் பக்கத்தில் நின்றார். பின்னால் இன்னும் மூன்று சக்கர நாற்காலிகள் வந்தன. காது கேட்காத கடைசி அறைப் பெரியவருக்கு எதற்கென்றே தெரியாது. கூட்டத்தைப் பார்த்ததும் வந்துவிட்டார்.

மேனேஜர் ஓடிவந்தார். "என்ன சார் இது, பெரியவங்க நீங்களே சின்னப்பிள்ளை மாதிரி?"

"மறியல். எத்தனை மறியலைக் கலைச்சிருக்கேன் நான். எப்படி உக்காந்தா கலைக்க முடியாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அவளை விட்டா, ஸ்பூன் பிடிக்க முடியாத எனக்கு ஊட்ட இங்க யாருக்குப் பொறுமை இருக்கு?" என்றார் டீச்சரம்மா. "மத்தவங்க வாயில ஊட்டறாங்களா, போஸ்ட் பெட்டியில கடுதாசி போடறாங்களா?"

"ஐயோ, எனக்காக வேணாம்மா. எம் மேலதான் கோவப்படுவாங்க," என்றாள் குருவி. சொல்லும்போதே சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு கார் வந்து நின்றது. அப்பாவைச் சேர்க்க இடம் பார்க்க வந்த குடும்பம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் நின்று பார்க்க, இந்தப் பக்கம் போலீஸ்காரர் பாதி நுரை முகத்தோடு அவர்களுக்கு நெஞ்சை நிமிர்த்தி ஒரு சல்யூட் வைத்தார்.

மேனேஜருக்கு வியர்த்தது. மூலையில் போய் போனில் பேசிவிட்டுத் திரும்பினார். "சரி. குருவி எங்கேயும் போகல. காலையில இங்கதான் இருப்பா. போதுமா? வழியை விடுங்க."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. காது கேட்காதவர்தான் ரொம்ப நேரம் தட்டினார். போலீஸ்காரர் கையை அசைத்து வாசலைத் திறந்துவிட்டு, வலது கன்னத்தைக் காட்டினார். குருவி இரண்டே இழுப்பில் மழித்து, துண்டால் துடைத்து, "மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க," என்றாள்.

"நாளைக்கு வரணும். தெரியுதா?"

"வராம எங்க போவேன்?"

மத்தியானம் வேன் வந்தது. டிரைவர் கண்ணாடியை இறக்கி ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினான். "காலையில இங்க, சாயங்காலத்துல இருந்து அங்க. ஞாயித்துக்கிழமையும் சேர்த்துத்தானாம். வண்டியிலயே மாத்திக்கச் சொன்னாங்கக்கா."

ஜன்னலில் வரிசையாக முகங்கள். எல்லாக் கைகளும் அசைந்தன. குருவி பின்சீட்டில் உட்கார்ந்து, ஒரு கையால் அவர்களுக்கு டாட்டா காட்டிக்கொண்டே, மறுகையால் பையிலிருந்த அந்தக் கிளையின் பச்சை யூனிபாரத்தை எடுத்து, போட்டிருந்த நீல யூனிபாரத்தின் மேலேயே மாட்டிப் பொத்தான்களைப் போடத் தொடங்கினாள்.