கட்டை போட்டாச்சு

சிவப்புதான், அதில் இனிப் பேச்சே இல்லை, காலையில் ஓட்டிப் பார்த்தபோதே மனசுக்குள் முடிவாகிவிட்டது, பிறகு எதற்கு மதியச் சாப்பாட்டுக்கப்புறம் இந்தச் சாம்பல் வண்டியில் ஏறி உட்கார்ந்தோம் என்று அமீருன்னிசா தன்னையே கேட்டுக்கொண்டாள், கேட்டுக்கொண்டே மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு வந்தாள், அது முனகாமல் விழுந்தது, சரி, இதுவும் நல்ல வண்டிதான், வாய்கூசாமல் குறை சொல்லக் கூடாது, இரண்டு கம்பெனிக்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு செண்பகனூர் வரைக்கும் மலையேறி வந்து வாசலில் வண்டியை நிறுத்தி 'ஓட்டிப் பாருங்க மேடம்' என்றால் அந்த மரியாதை யாருக்குக் கிடைக்கும்... யாரைப் பார்த்து மேடம் என்றார்கள்? பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர் சுல்தானைப் பார்த்தா? முப்பது வருடமாகக் கொடைக்கானல் பஜாரில் மலைப்பூண்டு வியாபாரம் பண்ணுகிற மனிதர், அவரைத் தாண்டிக்கொண்டு சாவி அவள் கைக்கு வந்தது, ஏனென்றால் லைசென்ஸ் அவளுடையது, நாற்பத்தொன்பது வயதில் எடுத்தது, கைப்பையின் உள்ஜிப்பில் இருக்கிறது, இப்போதுகூடக் கேட்டால் எடுத்துக் காட்டுவாள், போட்டோவில் முகம் கொஞ்சம் முறைத்தாற்போல இருக்கும், பயத்தில் அல்ல, சிரித்துவிடக் கூடாதே என்று அடக்கிக்கொண்டதில் வந்த முறைப்பு அது.

வெள்ளி அருவிப் பக்கம் வரும்போதே சுற்றுலாக் கூட்டம் ரோட்டில் வழிந்தது, ஒரு குரங்கு மக்காச்சோளக் கதிரோடு குறுக்கே போனது, பஸ் ஒன்று மேலேறி வந்தது, மேலேறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும், அவள் ஓரம் கட்டி நின்றாள், பஸ் டிரைவர் கையைத் தூக்கிவிட்டுப் போனார், பார்த்தாயா, ஒரு டிரைவர் இன்னொரு டிரைவருக்குத் தூக்குகிற கை அது. இதை ஆயக்குடியில் இருக்கிற சஜ்ஜாத் அண்ணன் பார்த்திருக்க வேண்டும். 'பொம்பளைப் புள்ள மலையில வண்டி ஓட்டுறதாவது, ஊட்டுச் சோலியப் பாரு தாயி' என்று போனில் சிரித்தவன். வரட்டும் மாசி மாதம், அவன் வீட்டுக் கல்யாணம், மலையிலிருந்து பழனி வழியாக இறங்கி நேரே அவன் கொய்யாப்பழ மண்டி வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், நிறுத்திவிட்டு உடனே இறங்கக் கூடாது, கண்ணாடியை மட்டும் இறக்கி, 'அண்ணே, நெழலா எங்கே நிப்பாட்டட்டும்?' என்று கேட்க வேண்டும்... சிவப்பாக இருந்தால் தெருமுனையிலேயே தெரியும். சாம்பல் அவ்வளவு எடுப்பாக இருக்காது. இதையெல்லாம் ஆஃப்ராவிடம் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வாள், மகள் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள், இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு எத்தனை ஸ்டார், எத்தனை ஏர்பேக், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கட்டம் கட்டி அனுப்பியிருக்கிறாள், 'சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்கம்மா, பாவம், ரெண்டு பேரும் காத்துக்கிட்டு இருக்காங்க.' அந்தக் கட்டத்தில் எல்லாம் இருக்கிறது, அவளைப் பெற்ற அத்தா ஏன் காலையில் வண்டியை விட்டு இறங்கியதிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது மட்டும் இல்லை.

அதுதான் குடைகிறது. காலையில் சிவப்பு வண்டியில் ஏறும்போது நன்றாகத்தான் இருந்தார், 'வெரசாப் போகாத புள்ள, மொதல்ல வண்டியப் பழகு' என்றுகூடச் சொன்னார், திரும்பி வந்து இறங்கும்போது முகம் விழுந்துவிட்டது, சாப்பாட்டில் மீனைத் தொடவில்லை, எது பிடித்திருக்கிறது என்று கேட்டால் 'ஓட்டுறவ நீ, நீயே சொல்லு' என்று எழுந்துபோய்க் கை கழுவினார். பெண்டாட்டி ஓட்டப் பின்சீட்டில் உட்கார வேண்டியிருக்கிறதே என்ற சங்கடமா? இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கிளட்சை மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, 'அப்ப நீ படிச்சுக்க' என்று டிரைவிங் ஸ்கூலில் கொண்டுபோய்ச் சேர்த்தவரே அவர்தானே, ஏற்றத்தில் நிறுத்தி உருளாமல் வண்டியை எடுத்துக் காட்டி அவள் பாஸானபோது பஜார் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவரும் அவர்தானே... அவர் முகம் மலராமல் இந்த வண்டி வந்து என்ன, வராமல் என்ன, சஜ்ஜாத் மண்டி வாசலில் நிறுத்தி என்ன? கண்ணாடியில் பார்த்தாள். அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு பூண்டுச் சாக்கு, எதையோ சுற்றி வைத்த சாக்கு, ஏறும்போதே கேட்டாள், என்னங்க அது? 'சும்மா கெடக்கட்டும்.' புது வண்டி மிதியடியில் சாக்கை வைக்கிறாரே, இந்தப் பெண் என்ன நினைப்பாள்.

இந்தப் பெண் என்பது பக்கத்து சீட்டில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த தேவசேனா, சாம்பல் வண்டிக் கம்பெனியின் சேல்ஸ் ஆபீசர், பழனியில் கோயில் தெருக்காரி, முப்பத்தைந்து இருக்கும், நெற்றியில் திருநீறு, வந்ததும் முதலில் பஞ்சாமிர்த டப்பாவைத்தான் நீட்டினாள், 'கடையில வாங்குனதுதாங்கக்கா, சாமிக்குப் படைச்சதில்ல' என்று அவளாகவே சொன்னாள், அந்த இங்கிதத்துக்காகவே இன்னொரு வண்டி வாங்கலாம் என்று அமீருன்னிசாவுக்குத் தோன்றியது. 'இழுவை எப்படிங்கக்கா இருக்கு?' நன்றாக இருக்கிறதம்மா. 'நீங்க பூண்டு ஏத்தப் போற கவுஞ்சி ரோட்டுக்கெல்லாம் இதான் லாயக்கு, அடி தட்டாது, ரெண்டு மூட்டை பூண்டு போட்டாலும் மூச்சு வாங்காது.' உண்மைதான், அருவியிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிற ஏற்றத்தில் காலையில் வந்த சிவப்பைவிட இது அலட்டிக்கொள்ளாமல் ஏறுகிறது, ஆனால் அதில் ஏற்றத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்த ஒரு பொத்தான் இருந்ததே, இதில் அந்தப் பொத்தான் இருக்கிறதா? 'ஆட்டோ ஹோல்டுங்களா... அது மேல் மாடல்லதாங்கக்கா வருது,' தேவசேனாவின் குரல் கொஞ்சம் இறங்கியது, 'இதுல சாதா ஹேண்ட்பிரேக்தான்.' பொய் சொல்லவில்லை. நல்ல பெண்.

அந்தப் பொத்தானைக் காலையில் அவளே அமுக்கினாள். வீட்டுச் சந்தின் செங்குத்தில், பாதி ஏற்றத்தில் நிறுத்தி, 'இப்பக் காலை எடுங்க மேடம்' என்று சிவப்பு வண்டிக்காரர் சொன்னபோது எடுத்தாள், வண்டி அசையவில்லை, ஒரு நூல்கூட, பாறையில் ஆணி அடித்த மாதிரி நின்றது, அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னாள். அந்தச் சந்தில்தான் இருபத்திரண்டு வருடம் அவர்களுடைய பழைய ஜீப் நின்றது. வீட்டைச் சுற்றி ஒரு முழம் சமதரை கிடையாது, ஜீப்புக்கு ஹேண்ட்பிரேக் என்று ஒரு கம்பி இருந்தது, அதில் அவள் ஈரத் துணி காயப்போடுவாள், அவ்வளவுதான் அதற்கு உபயோகம். வண்டியை நிறுத்துவது அவளுடைய வேலை. கவுஞ்சியில் பூண்டு ஏற்றப் போனாலும், பஜாரில் இறக்க வந்தாலும், சுல்தான் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பார், அவள் குதித்து இறங்கி, தைல மரத்தில் அரிந்த முக்கோணக் கட்டையைப் பின்சக்கரத்துக்குப் பின்னால் வைத்து, குதிகாலால் ஓர் உதை உதைத்து இறுக்கி, ஓரமாக விலகி, பாடியில் இரண்டு தட்டுத் தட்டி, 'போட்டாச்சு' என்பாள். அந்தச் சொல் வந்தால்தான் அவர் காலை எடுப்பார். ஆஃப்ராவை முதுகில் கட்டிக்கொண்டு போட்டிருக்கிறாள், ஐப்பசி மழையில் சேற்றில் முட்டி போட்டுப் போட்டிருக்கிறாள், ஒருநாள், ஒரேயொரு நாள்கூட ஜீப் உருண்டதில்லை. கவுஞ்சிக்காரர்கள் கட்டைக்காரம்மா என்று பெயரே வைத்துவிட்டார்கள், ஆளும் கட்டை, கையிலும் கட்டை என்று கேலி வேறு, ஆஃப்ராவுக்குப் பள்ளிக்கூட வயதில் அந்தப் பெயர் மானக்கேடாக இருந்தது, அமீருன்னிசாவுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. மலையில் வண்டியை ஓட்டத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அதை நிறுத்தியவள் அவள்.

காலையில் அந்தப் பொத்தானை அமுக்கிக் காலை எடுத்த அதே நொடியில் பின்னால் ஒரு சத்தம் கேட்டதே... கதவு திறக்கிற சத்தம். திறந்து, சற்று நின்று, மெதுவாக மூடிக்கொண்ட சத்தம். அப்போது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. சிவப்பு வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே 'எறங்க வேணாம் சார், அதுவே நிக்கும்' என்று சொன்னார் அல்லவா? அதற்கப்புறம்தானே சுல்தான் முகம் விழுந்தது? எதற்காக இறங்கப் பார்த்தார்?

சந்து வந்துவிட்டது. முதல் கியர், பிஸ்மில்லா, சாம்பல் வண்டி மூச்சு வாங்காமல் ஏறியது, இரண்டு பக்கச் சுவரும் கைக்கெட்டும் தூரம், எதிர்வீட்டு லீலா டீச்சர் மாடியில் துணி எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள், பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும், அமீருன்னிசா முக்காட்டை ஒரு கையால் சரிசெய்துகொண்டு வழக்கமாக ஜீப் நின்ற இடத்தில், சுவரில் எண்ணெய்க் கறை இருக்கும் இடத்தில், சரியாக நிறுத்தினாள், பிரேக்கை மிதித்தபடி, ஜீப்பில் அவர் நிறுத்துகிற பழைய ஞாபகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி எஞ்சினையும் அணைத்தாள். பின்கதவு திறந்தது. சாக்கு உரசுகிற சத்தம். கண்ணாடியில் அவர் தலை ஒருமுறை தெரிந்தது, கையில் இருந்தது... அட, அதுவா, தைல மரக்கட்டை, கயிற்று வளையத்தோடு, ஜீப்பை விற்றபோது விறகுக்குப் போயிருக்கும் என்று அவள் நினைத்தது, சாக்கில் சுற்றி எங்கே வைத்திருந்தார் இத்தனை நாள்? தலை மறைந்தது. குனிந்துவிட்டார். அந்த முழங்காலோடு.

'ஐயோ, சார் எதுக்கு எறங்குறாரு? அக்கா, ஹேண்ட்பிரேக்கைப் போடுங்க, போதும்,' என்று தேவசேனா பதறினாள். ஹேண்ட்பிரேக் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அப்போதுதான் அமீருன்னிசாவுக்கு நினைவு வந்தது, டிரைவிங் ஸ்கூலில் நாற்பது நாள் போட்டுப் பழகியது, வீட்டுச் சந்தில் ஏறியதும் எப்படித்தான் மறந்ததோ, இடது கை அதன்மேல் போய் உட்கார்ந்தது. இழுக்கவில்லை. 'இருக்கட்டும்மா.' எதற்காக இருக்கட்டும்? தெரியவில்லை, இழுத்தால் காலையில் மூடிக்கொண்ட கதவு மாதிரி ஆகிவிடும் என்று மட்டும் தெரிந்தது. இந்த மனிதர் பெண்டாட்டி ஓட்டுகிறாள் என்று கோபித்துக்கொள்ளவில்லை. தானும் ஒருநாள் இறங்கிக் கட்டை போடலாம், அவள் தனக்குச் செய்ததைத் தான் அவளுக்குச் செய்யலாம் என்று ஆசையாக வந்து உட்கார்ந்திருக்கிறார், ஒரு பொத்தான் வந்து அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டது. அமீருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது, பொத்தானோடு போட்டி போடுகிற ஆளைப் பார், முழங்காலை வைத்துக்கொண்டு.

குதிகால் உதை கேட்டது, ஒன்று, கொஞ்சம் பலம் குறைந்த உதை. பாடியில் தட்டு, இரண்டு. 'போட்டாச்சு!'

கால் எழவில்லை. இரு, இரு, சரியாக வைத்தாரா, சக்கரத்தை ஒட்டி வைத்தாரா, விரல் இடைவெளி விட்டால்கூட வண்டி குதித்து ஏறிவிடுமே, விலகி நின்றாரா, அந்தக் காலை வைத்துக்கொண்டு வெரசா விலக முடியுமா, கண்ணாடியில் ஆளைக் காணவில்லை, எதிர்வீட்டுச் சுவரும் ஒரு துண்டு வானமும்தான் தெரிகின்றன... இதுதானா தெரியும் இங்கே உட்கார்ந்தால்? இருபத்திரண்டு வருடமும் அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதானா? கட்டை தெரியாது, கட்டையை வைத்த கை தெரியாது, முதுகில் குழந்தையோடு அவள் எங்கே நிற்கிறாள் என்பதும் தெரியாது, ஒரு சத்தம் மட்டும் வரும், அந்தச் சத்தத்தை நம்பி ஒரு பாரத்தையே அவள் இருக்கும் திசையில் விட வேண்டும். அவர் யோசித்ததே இல்லை. 'போட்டா' என்று அவள் சொல்லும்போதே கால் எடுத்துவிடுவார், 'ச்சு' முடிவதற்குள் ஜீப்பின் கனம் கட்டையில் வந்து உட்கார்ந்து கட்டை கிரீச்சென்னும், அவள் அந்தக் கிரீச்சை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள், தன் திறமை என்றே நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறாள், பெருமைதான், இப்போதும் பெருமைதான், நெஞ்சு கொள்ளாத பெருமை, ஒரு மனிதர் தன் சொல்லுக்கு அரை நொடிகூடத் தாமதிக்காமல் காலைத் தூக்கினாரே, அப்படிப்பட்ட சொல்லை உடையவளாக அல்லவா இருந்திருக்கிறாள், இந்த லைசென்ஸ் எல்லாம் நேற்று வந்தது... ஆனால் அவர் சொல்லுக்கு?

கைப்பைக்குள் போன் அடித்தது, ஆஃப்ராவாக இருக்கும், சிவப்பா சாம்பலா என்று கேட்பாள். தேவசேனா அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கை ஹேண்ட்பிரேக்கின் மேல், வலது கால் பிரேக்கின் மேல், இரண்டும் அப்படியே. பின்னாலிருந்து இன்னொரு தடவை, அவசரப்படுத்தாத குரலில், பாடியில் தட்டாமல், 'போட்டாச்சு, அமீரு' என்றார். அவர் ஒருநாளும் அவளை இரண்டாம் தடவை சொல்ல வைத்ததில்லை.