ஐந்து கட்டை தனகோடி

என் வீட்டுக்காரர் தனகோடியை எங்கள் தெருக்கூத்து ஜமாவில் யாரும் வெறும் தனகோடி என்று சொல்வதில்லை. பேனரிலும் 'ஐந்து கட்டை தனகோடி' என்றுதான் போடுவார்கள். கட்டை என்பது சுருதியின் உயரம். எண் ஏற ஏறத் தொண்டையும் ஏற வேண்டும். ஐந்து கட்டையில் துரியோதனன் வேஷம் பாட செய்யூர் பக்கத்தில் இவரை விட்டால் ஆளில்லை என்று ஊரார் சொல்வார்கள். இவரும் அதை மறுத்து நான் பார்த்ததில்லை.

நான் அதே ஜமாவில் ஆர்மோனியம் வாசிக்கிறேன். பகலில் படூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். தபாலில் எம்.ஏ. இசை வேறு படிக்கிறேன். அதனால் ஜமாவில் எனக்குத் துர்காதேவி என்ற பெயரே மறந்துபோய், டீச்சரம்மா ஆகிவிட்டேன். சுருதி ஒரு மயிரிழை விலகினாலும் ஒத்திகையை நிறுத்திவிட்டு வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிடுவேன். குணம் அப்படி, என்ன செய்ய?

பொங்கலில் இருந்தே அவர் தொண்டை சரியில்லை. மேல் ஸ்தாயிக்குப் போக வேண்டிய இடத்தில் வசனம் பேசி மழுப்பினார். இல்லாவிட்டால் பின்பாட்டுக்காரர்களிடம் வரியைத் தள்ளிவிட்டு, சும்மா சுற்றிச் சுற்றி ஆடினார். ஜனங்களுக்குத் தெரியவில்லை. ஆர்மோனியப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியாதா?

எங்கள் ஜமாவில் கட்டையைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. கேட்டவருக்கு அடுத்த வருஷம் கிரீடம் கிடையாது, முனிவர் வேஷமோ மந்திரி வேஷமோதான். இந்த வயதிலேயே வெள்ளைத் தாடியை ஒட்டிவிட்டால் மனுஷன் நொறுங்கிப்போவார். அடுத்த துரியோதனனாகப் பிரவின்குமார் தயாராக நின்றுகொண்டிருந்தான். நல்ல பையன் என்பதால் அவனைத் திட்டவும் முடியவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது என் பாடப்புத்தகத்தைத் திறந்து காட்டினேன்.

"சுருதின்றது பாடுறவங்க வசதிக்குத்தாங்க. நாலரையில பாடினா ராகம் இன்னா செத்தா போவுது?"

"புக்கு எழுதுனவரு கிரீடம் கட்டிகினு ஆடிக்கீறாரா? கேட்டுச் சொல்லு," என்றார். தட்டில் சோறு அப்படியே இருக்க எழுந்து போய்விட்டார்.

சரி, இனி இவரைக் கேட்டால் காரியம் ஆகாது என்று முடிவு செய்தேன். திரௌபதியம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் கடைசிக் கூத்து பதினெட்டாம் போர். அன்றைக்கு அவருக்குச் சொல்லாமலே அரைக் கட்டை இறக்கிவிட வேண்டியது. பெட்டியில் அது பெரிய வேலை இல்லை. மத்தளத்தைத் துரை அண்ணன் தட்டி இறக்கிக்கொள்வார். முகவீணைதான் இடித்தது. அது ஊதுகுழல், துளை போட்டபடிதான் பேசும். சுருதி மாற வேண்டுமானால் வேறு குழலே வேண்டும்.

முகவீணை ஊதும் எல்லப்பன் மாமாவைத் தேடிப் போனேன். சவுக்குத் தோப்பு ஓரத்தில் அவர் வீடு. தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்து வந்தார். அதில் புதுக் குழல் ஒன்று இருந்தது, பழையதைவிடக் கொஞ்சம் நீளம்.

"நாலரை," என்றார். "மாசியிலயே செஞ்சு வாங்கிட்டேன். துரைகூட வூட்ல மத்தளத்த எறக்கி வாசிச்சுப் பாத்துகினுதான் கீறான்."

"அப்போ எல்லாருக்கும் தெரியுமா? எங்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

"பொட்டி உன் கையில கீது. நீ எறங்கினாத்தான் நாங்க எறங்க முடியும். ஆனா உங்கிட்ட வந்து சுருதிய கொறைன்னு சொல்ல யாருக்கும்மா தைரியம்? வாயத் தொறந்தா கிளாஸ் எடுக்குற!"

எனக்கு முகம் சுட்டது. சிரிப்பும் வந்துவிட்டது.

பதினெட்டாம் போர் அன்று இரண்டு பேர் திரையைப் பிடித்து நின்றார்கள். வேஷக்காரர் திரைக்கு உள்ளிருந்தே முதல் பாட்டைப் பாடிவிட்டுத்தான் வெளியே வருவார். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிந்தது. நான் நாலரையைப் பிடித்தேன். முகவீணை சேர்ந்தது, மத்தளமும் சேர்ந்தது.

உள்ளே சத்தமில்லை. கிரீடம் அசையவில்லை. அவர் காதுக்கு இது தப்பாது. ஊர் முன்னால் என்னைத் திட்டப் போகிறாரோ, கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவாரோ என்று என்னென்னவோ நினைத்தேன். துருத்தியைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். எல்லப்பன் மாமா என் பக்கம் திரும்பாமல் அதே இடத்தை மறுபடியும் ஊதினார்.

பிறகு திரைக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் பாடினார். மேல் ஸ்தாயியை எட்டிப் பிடித்து, அங்கேயே நிறுத்தி, மெல்ல இறங்கினார். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று! முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் கன்னத்தில் கை வைத்தபடி கேட்டார்கள். எனக்குக் கண்ணீர் மறைத்து இரண்டு இடத்தில் விரல் தப்பியது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

காலையில் துரியோதனன் சாகிற படுகளச் சடங்கு முடிந்து, மண்ணில் செய்த துரியோதனன் உருவத்தைச் சுற்றி நின்ற கூட்டமும் கலைந்தது. கொட்டகையில் தேங்காய் எண்ணெய் தொட்டு அவர் முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அர கட்ட எறக்கிட்ட," என்றார்.

"ஆமா. திட்டணும்னா திட்டுங்க."

"இத முன்னாடியே செஞ்சிருக்கலாமில்ல?"

துணி என் கையிலேயே நின்றது. "கேட்டப்ப சோத்த உட்டுட்டு எழுந்து போனது யாரு?"

"கேட்டா வாணான்னுதான் சொல்லுவேன். சரின்னு சொல்ல எனுக்கு எப்பிடி வாய் வரும்? நீயா எறக்குவன்னுதான் ஒவ்வொரு கூத்துலயும் தெரைக்கு உள்ளார நின்னு கேட்டுகினு இருந்தேன், துர்கா."

வந்த கோபத்தில் அந்தத் துணியை அவர் வாயில் திணித்திருப்பேன். பாதி கலைந்த அந்த முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. ஜமா முழுக்கப் பார்க்க அவரைக் கட்டிக்கொண்டேன். சேலையெல்லாம் சிவப்புச் சாயம் ஒட்டிக்கொண்டது.