ஒலிவியாவுக்கு எண்ணெய் வேண்டாம்

ஒலிவியாவுக்கு உடம்பில் முடி கிடையாது. பிறவியிலேயே அப்படி. சுருங்கின தோல், பெரிய காது. உரித்த கோழி எழுந்து நடந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருப்பாள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. அப்புறம் வாரம் ஒருமுறை அந்தப் பூனையைக் குளிப்பாட்டுகிறவனாக நானே ஆனேன்.

அவள் என்னுடையவள் இல்லை. சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு தெருவில் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கீழ் வீட்டில் ஓனர் ஏகநாதனும் அவர் மனைவி செல்லியம்மாளும். அவர்கள் மகள் அனுப்பிரியாவுக்கு நாவலூரில் ஐ.டி. வேலை. பூனை அவள் வாங்கியது. கம்பெனி அவளைப் புனேவுக்கு அனுப்பியபோது இவர்களிடம் விட்டுவிட்டுப் போனாள். ஏகநாதன் ஒரு காலத்தில் மாடுகளை ஏரியில் இறக்கிக் குளிப்பாட்டியவர். இந்தப் பூனையைத் தொட அவருக்குப் பயம்.

"ஜெபா, நீ சும்மாதானே கீற? இந்த மொட்டைய ஒரு கை பாருப்பா. தொட்டாலே வழுக்கினு போவுது."

நான் சும்மா இல்லை. நாவலூரில் ராத்திரி ஷிப்ட்டில் உட்கார்ந்து யார் யாரிடமோ திட்டு வாங்கிய வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே சப்டைட்டில் அடிக்கிறேன். அவர் பார்வையில் லுங்கியோடு செய்வது வேலை இல்லை. சொல்லிப் புரியவைக்க எனக்குப் பொறுமையும் இல்லை. பூனையை வாங்கிக்கொண்டேன்.

வேலையை விட்டேனே தவிர தூக்கம் திரும்பி வரவில்லை. மாத்திரை போட்டால் தலை கனத்தது, தூக்கம் வரவில்லை. ஒலிவியாவை முதல் முறை குளிப்பாட்டித் துடைத்த மதியம், அவள் குளிரில் நடுங்கிக்கொண்டே என் படுக்கையில் ஏறி வயிற்றோரம் ஒட்டிக்கொண்டாள். முடி இல்லாத உடம்பு வெந்நீர்ப் பை மாதிரி சுடும். கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பூனைப் பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளுக்குச் சூடு வேண்டும், எனக்குத் தூக்கம் வேண்டும். அன்றிலிருந்து தினமும் மதியம் மேலே வந்துவிடுவாள்.

குளிப்பாட்டுவது பெரிய வித்தை இல்லை. மற்ற பூனைகளுக்கு உடம்பு எண்ணெயை முடி உறிஞ்சிக்கொள்ளும். இவளுக்கு அது தோலிலேயே நிற்கும், படுத்த இடத்தில் பழுப்பாகக் கறை படியும். வெதுவெதுப்பான தண்ணீர், வாசனை இல்லாத சோப்பு, கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் மெதுவாக விரல். நகக்கண்ணில் சேரும் கறுப்பை ஈரப் பஞ்சால் எடுக்க வேண்டும். காதுக்கு வெளியே மட்டும் துடைக்க வேண்டும். குளித்ததும் உடனே துண்டில் சுற்ற வேண்டும். அதிகம் குளிப்பாட்டினால் தோல் காய்ந்துவிடும். வெயிலில் விட்டால் சிவந்துபோகும்.

எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனால் ஒலிவியா நாளுக்கு நாள் பிசுபிசுவென்று ஆனாள். தாடைக்கு அடியில் மிளகைத் தூவியது போலக் கரும்புள்ளிகள். வால் அடியிலும் வந்தது. கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு, எண்ணெய்ப் பசை அதிகம், வேறு வியாதி இல்லை என்றார். சோப்பை மாற்றினேன். தீனியை மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை.

அனுப்பிரியா வீடியோவில் வந்தாள். "தாடைய தூக்கிக் காட்டு, ஜெபா. ஐயோ, என்ன இது? போன வாரத்தைவிட மோசமா இருக்கு."

"வாராவாரம் குளிப்பாட்டுறேன்."

"உன்னைச் சொல்லல. கொட்டிவாக்கத்துல என் ஃப்ரெண்ட் சுபத்ரா வீட்ல இதே மாதிரி ஒண்ணு வளர்க்கிறா. அவளுக்கு எல்லாம் தெரியும். ஞாயித்துக்கிழமை வர்றேன். ஸ்கின் இப்படியே இருந்தா அவகிட்ட விட்டுடப் போறேன். பாவம் அது."

ஏகநாதன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "விட்டுட்டுப் போவட்டும். பேஜார் வுட்டுது," என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "கொட்டிவாக்கம்லாம் கடல் காத்துப்பா. இதுக்கு ஒத்துக்குமா?" என்றார்.

கொட்டிவாக்கத்தில் கடல் காற்று அடித்தால் அடிக்கட்டும். மதியம் நான் எப்படித் தூங்குவது என்பதுதான் என் கவலை.

மறுநாள் படுக்கை விரிப்பை உதறும்போது கறையைப் பார்த்தேன். வழக்கமான பழுப்புக்கு நடுவே பச்சை. முகர்ந்தேன். கறிவேப்பிலையும் கரிசலாங்கண்ணியும் போட்டுக் காய்ச்சின தேங்காயெண்ணெய். பூனை உடம்பிலிருந்து அது சுரக்காது.

அன்று மதியம் ஒலிவியா மேலே வரும் நேரத்துக்கு முன்பே கீழே இறங்கினேன். செல்லியம்மாள் சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டப் போடுவது போல, இரண்டு காலுக்கும் நடுவில் ஒலிவியா. பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். பூனை கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தூக்கிக் காட்டியது. செல்லியம்மாள் கட்டைவிரலால் தாடைக்கு அடியில் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி."

கிண்ணத்தை முந்தானையால் மூடினார். "இன்னாப்பா, கதவத் தட்டிட்டு வர மாட்டியா?"

"எத்தனை நாளா இது?"

"வந்ததுலேர்ந்து வைக்கறேன். நீ பாட்டுக்கு சோப்பு போட்டு எடுத்துடற. நான் மறுபடி வைக்கறேன்." அவர் குரலில் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை. புகார்தான் இருந்தது. "எந்தப் பூனையாவது முடி இல்லாம பொறக்குமா? எவனோ சீக்குப் பூனைய எம்பொண்ணு தலையில கட்டிட்டான். அவ படிச்ச முட்டாளு, நம்பிட்டா. தெருவுல போறவளுங்கள்லாம் சொறியான்னு கேக்கறாளுங்க."

"இந்த ஜாதியே இப்படித்தான் ஆன்ட்டி. முடி வராது."

"வராதா? இங்க வா." ஒலிவியாவைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முதுகில் பீச் பழத்தில் இருப்பது போல நுண்ணிய ரோமம் மின்னியது. "இது இன்னா? என் எண்ணெய்ல வந்தது. இன்னும் கொஞ்ச நாள் வுட்டீன்னா பொச பொசன்னு வந்துடும். அனு பாத்தா அசந்துடுவா. அப்புறம் எதுக்குக் கூட்டினு போறா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பூனை போய்விடக் கூடாது என்றுதான் இவர் தேய்க்கிறார். தேய்க்கத் தேய்க்கத்தான் பூனை போகப் போகிறது. பக்குவமாகச் சொல்ல எனக்கு வராது.

"அந்த ரோமம் வந்தப்பவே இருந்தது. உங்க எண்ணெயால வந்தது இந்தக் கரும்புள்ளிதான். அதைப் பார்த்துட்டுத்தான் அனு கூட்டிட்டுப் போகப் போறா."

செல்லியம்மாள் ஒலிவியாவின் தாடையைத் திருப்பிப் பார்த்தார். விரலால் புள்ளியைத் தடவினார். அப்புறம் கிண்ணத்தை எடுத்து எண்ணெயைப் பாட்டிலில் திருப்பி ஊற்றினார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"இப்ப இன்னா பண்றது?"

"எண்ணெய் வைக்காதீங்க. வெதுவெதுப்பான தண்ணில துணிய நனைச்சுப் பிழிஞ்சு தாடைய ஒத்தி எடுங்க. அழுத்தாதீங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"இதுக்கா டாக்டர் காசு வாங்கினான்?"

ஞாயிற்றுக்கிழமை அனுப்பிரியா வந்தாள். கையில் பூனையைக் கொண்டுபோகிற பிளாஸ்டிக் கூடை. ஏகநாதன் அந்தக் கூடையைப் பார்த்துவிட்டு, "டிபன் சாப்டும்மா மொதல்ல," என்றார். அவள் கேட்கவில்லை. ஒலிவியாவைத் தூக்கித் தாடையைப் பார்த்தாள். புள்ளிகள் குறைந்திருந்தன. போகவில்லை.

கழுத்து மடிப்பை முகர்ந்தாள். "யாராவது இதுக்கு எண்ணெய் வெச்சீங்களா?"

ஏகநாதன் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"நான்தான் வெச்சேன்," என்றார் செல்லியம்மாள். "முடி வரும்னு."

"அம்மா, இது ஸ்பிங்க்ஸ்மா! முடி இல்லாததுக்குத்தான் இவ்ளோ விலை."

"இல்லாத பொருளுக்கு எவளாவது துட்டு குடுப்பாளா? என்னைக் கேட்டிருக்கணும்."

அனுப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமும் இருந்தது. கூடையைத் திறந்தாள். அதற்குள் ஒலிவியா அவள் மணிக்கட்டில் ஒரு கோடு போட்டுவிட்டுக் கீழே குதித்தாள். "எப்பவும் இதே. குளிப்பாட்டினா இன்னும் மோசம். கையெல்லாம் கிழிச்சிடும். நீ எப்படிடா சமாளிக்கிற, ஜெபா?"

"முழங்கை வரைக்கும் துணி சுத்திக்குவேன்."

செல்லியம்மாள் சுடுதண்ணீரை விளாவி எடுத்து வந்தார். குளியலறைத் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினார். "மொட்டச்சி, வா," என்றார். ஒலிவியா நடந்து போய் அவர் கால்களுக்கு நடுவில் மல்லாந்தாள். செல்லியம்மாள் உள்ளங்கையைப் பூனையின் நெற்றியில் அணைகட்டிப் பிடித்துக்கொண்டார். காதில் ஒரு சொட்டும் போகவில்லை. நகம் வெளியே வரவே இல்லை. கழுத்து மடிப்பைக் கழுவியபோது ஒலிவியா கொட்டாவி விட்டாள்.

"என்னையும் இப்படித்தான் குளிப்பாட்டினியா?"

"நீயா? தெருவே கூடற மாதிரி கத்துவ. இது தங்கம்."

அனுப்பிரியா கதவில் சாய்ந்து நின்று முழுவதும் பார்த்தாள். துண்டை அவள்தான் நீட்டினாள். பிறகு சுபத்ராவுக்குப் போன் செய்து, "வேணாம்டி, இங்கயே இருக்கட்டும்," என்றாள். போனை வைத்துவிட்டு அம்மாவிடம் கையை நீட்டினாள். "அந்த எண்ணெய்ப் பாட்டிலை எடு. இங்க இருந்தா நீ வெச்சிடுவ."

"நான் ஏண்டி வெக்கறேன்?"

"குடும்மா. புனே தண்ணில எனக்கு முடி கொத்து கொத்தா கொட்டுது."

பூனைக் கூடை எண்ணெய்ப் பாட்டிலோடும், ஏகநாதன் திணித்த முருங்கைக்காயோடும் புறப்பட்டுப் போனது. அவர் வாசலில் நின்று வண்டி திரும்பும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்தார். குனிந்து ஒற்றை விரலால் ஒலிவியாவின் முதுகைத் தொட்டார்.

"வழுக்கலியேப்பா," என்றார்.

குளிப்பாட்டுகிற வேலை எனக்குப் போய்விட்டது. மதியம் ஒலிவியா ஈரம் காயாத காதோடு மாடிக்கு வந்தாள். வயிற்றோரம் இடம் விட்டேன். எழுந்தபோது விரிப்பில் பழுப்புக் கறை மட்டும் இருந்தது. துவைக்கப் போட்டேன்.