அடிக்குரலுக்கு விட்ட இடம்

தகரக் கூரையில் மழை இறங்கிக்கொண்டிருக்கிறது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என் கையைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறார்கள், பாட்டு மட்டும் கேட்கவில்லை, இசை டீச்சராக எத்தனை மழையோடு போட்டி போட்டிருப்பேன், இது அதில் எந்த மழை, ஜன்னல் பக்கம் திரும்பினால் இது பள்ளிக்கூடமே இல்லை, கோயம்புத்தூரில் எங்கள் மார்மன் சபை வாடகைக்கு எடுத்திருந்த மாடி, ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைச் சட்டையும் கோணலான டையுமாகச் சற்குணம் படியேறி வருகிறார், மில்லில் எலெக்ட்ரீசியன், புதிதாக ஞானஸ்நானம் எடுத்தவர், பாடகர் குழுவில் ஆண்குரல் போதவில்லை என்று நான்தான் கூப்பிட்டிருந்தேன், எனக்குப் பாட்டெல்லாம் வராதுங்க டீச்சர், சும்மா பின்னாடி நின்னுக்கறனுங்க என்கிறார், அந்தப் பேச்சிலேயே என் கீபோர்டு ஸ்டாண்டு மெல்ல அதிர்கிறது, அத்தனை ஆழமான குரல்.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகும் அவருக்கு நான் டீச்சர்தான், சபைக்காகக் காப்பியை விட்டவர் காலையில் சுக்கு மல்லித் தண்ணீர் டம்ளரை ஏக்கமாகப் பார்த்துக்கொண்டே நான் இசையமைத்ததைப் பாடிக் காட்டுவார், நான் எப்போதும் அவர் பாடும் அடிக்குரலைத்தான் முதலில் எழுதுவேன், அவர் நடக்கிற தரைபோல அது கிடக்கும், மற்ற குரல்களை அதன்மேல் நிறுத்துவேன், அப்படியே வருஷங்கள் போயின, இல்லை, ஒரே காலைதான் நீண்டுகொண்டே போனது, பிறகு ஆஸ்பத்திரி வராந்தா, புற்று, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர், எடுத்தார்கள், கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் வெள்ளைத் துணி, அதன்வழியாகத்தான் இனி மூச்சு, அதன்பிறகு ஞாயிறுகளில் திருவிருந்தின் அப்பமும் தண்ணீரும் வாங்கியதும் கீழே இறங்கிவிடுவார், நாங்கள் பாடிப் பழகி முடிக்கும்வரை ஸ்கூட்டர் பக்கத்தில் நிற்பார், மாடியிலிருந்து அவர் தலை தெரியும், என் கை தாளம் தப்பும்.

அந்தக் கிறிஸ்மஸுக்குப் புதுப் பாட்டு எழுதினேன், நடுவில் ஓர் இடத்தில் எல்லாக் குரலும் நின்றுவிடும், அடிக்குரல் மட்டும், ஆனால் அதற்குச் சுரம் எழுதவில்லை, அவர் பார்த்துவிட்டார், சிலேட்டில் எழுதி நீட்டினார், இது யாருக்கு, உங்களுக்குத்தானுங்க என்றேன், அழித்துவிட்டு எழுதினார், கேலியா டீச்சர், சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார், நான் செய்தது அன்பா கொடுமையா என்று எனக்கே தெரியவில்லை, பாட்டை மாற்றிவிடலாமா என்றிருந்தது, மாற்றவில்லை, குழுவில் ஹெப்சிபாதான் கேட்டாள், சிஸ்டர், அந்த எடத்துல நாங்க என்னங்க பண்றது, சும்மா நில்லும்மா என்றேன்.

கிறிஸ்மஸ் ஆராதனையில் நாங்கள் எழுந்தபோது அவரும் எழுந்தார், மாடிப்படிப் பக்கம் போவார் என்றுதான் நினைத்தேன், சுவரோரமாக வந்து ஆண்களின் பின்வரிசையில் நின்றார், பாட்டு நகர்ந்து அந்த இடத்துக்கு வருகிறது, எல்லாக் குரலும் நிற்கிறது, நிசப்தம், பிறகு அது கேட்கிறது, கழுத்துத் துணிக்குள்ளிருந்து அவர் மூச்சு, கரகரவென்று, ஈரமாக, போய் வருகிறது, போய் வருகிறது, முன்வரிசையில் ஒரு குழந்தை அம்மா அது என்ன சத்தம் என்கிறது, யாரும் அதட்டவில்லை, அவர் தலையைக் குனியவில்லை, நான் கையை இறக்கினால்தான் மற்றவர்கள் தொடங்க முடியும், இறக்க மனம் வரவில்லை, நான் எழுதியதைவிட நீளமாக அது போகிறது, என் கை வலிக்கிறது, அவர் என்னையே பார்க்கிறார், சத்தமில்லாமல் உதடு அசைகிறது, போதுங்க டீச்சர், நான் கையை இறக்குகிறேன், பெண்கள் பாடுகிறார்கள்.