பனிமயம் அக்கா வீட்டு நடை

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நங்கூரத் தெரு இரண்டாம் பாகத்துக்கு மாறியது.

எங்கள் தெரு இருப்பது கையில் பிடித்து ஆடுகிற வீடியோ கேம் ஒன்றுக்குள். உள்ளங்கை அகலப் பெட்டி. இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. உங்கள் தெரு எதற்குள் இருக்கிறது என்று நீங்கள் எப்போதாவது எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். பிறகென்ன.

முதல் பாகத்தில் பதினெட்டு வருஷம் குடியிருந்தோம். கஷ்டமான பாகம்தான், பொய் சொல்லக் கூடாது. எல்லாக் கதவும் பூட்டியே இருக்கும். ஒரு காப்பி போட வேண்டுமென்றால் கருப்பட்டி இருக்கிற அலமாரிக்குச் சாவி வேண்டும். சாவி மிக்கேல் அண்ணாச்சி வீட்டுக் கிணற்றுக்குள் கிடக்கும். கிணற்றில் இறங்கக் கயிறு வேண்டும். கயிறு அவர் வீட்டு நாயின் காலடியில் கிடக்கும். நாய் கடித்தால் ஆள் காலி. பைக்குள் நான்கு சாமான்தான் பிடிக்கும். ஐந்தாவதைப் போட்டால் முதலாவது காணாமல் போய்விடும். தெருவுக்கு வரைபடம் என்று ஒன்று கிடையாது.

வரைபடம் பனிமயம் அக்காவிடம் இருந்தது. அவள் தெருவின் தென்கோடியில், இரண்டு பக்கமும் சுவர் வைத்த ஒரு நீள நடையின் முடிவில் குடியிருந்தாள். முட்டுவலிக்காரி, வெளியே வர மாட்டாள். வராமலே எண்பது பக்க நோட்டில் தெரு முழுவதையும் பென்சிலால் வரைந்து வைத்திருந்தாள். வழி தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் அவளிடம்தான் போய்க் கேட்பார்கள். அதுபோக அவள் வீட்டில் ஒரு பெஞ்சு. தெருவில் எவர் எங்கே செத்தாலும் அந்தப் பெஞ்சில்தான் எழுந்திருப்பார்கள். அக்கா தலையைத் தூக்கி, "எந்திச்சிட்டியா? எவ்விடத்துல விழுந்த?" என்று கேட்டு, நோட்டில் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைப்பாள்.

ரெஜினாள் அவளுடைய தங்கச்சி. நாற்பத்தொரு வயது. அந்தப் பெஞ்சில் இருநூறு தடவைக்கு மேல் எழுந்தவள். தினமும் அக்காவுக்குக் காப்பி கொண்டு போவாள். நடை நூற்றுப் பன்னிரண்டு அடி. கையில் சூடான டம்ளர் இருந்தால் நூற்று நாற்பது. போய்ச் சேர்ந்ததும் அக்கா சொல்வாள்:

"யாரு, ரெஜினாளா? வாட்டி. காலக் கழுவிட்டு உள்ள வா."

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தாலும் அதேதான். ஒரு சொல் கூடாது, குறையாது. முடியும்வரை நின்று கேட்க வேண்டும். கழுவின காலையே மறுபடி கழுவ வேண்டும். ரெஜினாளுக்கு எரிச்சலாக வரும். எரிச்சலோடே கழுவுவாள்.

போன தை மாதம் ரேஷன் கடைச் சுவரில் ஒரு பெட்டி மாட்டினார்கள். முதல் பாகத்தின் குறைகளை எழுதிப் போடவும். ஆளுக்கு ஒரு சீட்டு. சீட்டு இலவசம். அங்கேதான் பிடித்தது சனியன். எங்கள் தெருவில் சும்மா கிடைக்கிற சீட்டைச் சும்மா விடுகிற பழக்கம் இல்லை. ஒரு குறையும் இல்லாதவன்கூட வரிசையில் நின்று சீட்டு வாங்கி, பக்கத்து ஆளிடம் பேனா வாங்கி, வானத்தைப் பார்த்து யோசித்து ஒரு குறையைக் கண்டுபிடித்து எழுதிப் போட்டான். ரெஜினாளும் எழுதினாள். எழுதினதை அன்றைக்கே மறந்தும் போனாள்.

செவ்வாய்க்கிழமை சங்கு ஊதியது. எல்லாரும் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தோம். அவ்வளவுதான் மாற்றம்.

"ஏளா ரெஜினா, பாத்தியா?" மிக்கேல் அண்ணாச்சி தெருவில் நின்று கூவினார். தன் நாயிடமே எழுபத்தேழு தடவை செத்த மனுஷன். "கதவு தன்னால தொறக்கு!"

"பாத்தேன் அண்ணாச்சி."

"நாய்க்குப் பல்லக் கொறச்சிட்டாவ. என்னப் பாத்து வால ஆட்டுதுளா!"

குறை சொல்ல வழியே இல்லை. கருப்பட்டி அலமாரி ஆள் வருவதைப் பார்த்ததும் திறந்தது. பைக்குள் எத்தனை சாமான் வேண்டுமானாலும் போடலாம். ரெஜினாள் அம்மிக்கல்லைப் போட்டுப் பார்த்தாள், கனக்கவில்லை. வானத்தின் வலது மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு வரைபடம் தொங்கியது. அதில் சிவப்புப் புள்ளி ரெஜினாள். கிணறு இருந்தது, ரேஷன் கடை இருந்தது, கோயில் இருந்தது. தென்கோடி மட்டும் வெறும் வானமாக இருந்தது. இன்னும் வரைந்து முடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள்.

காப்பி இரண்டு நிமிஷத்தில் ஆயிற்று. டம்ளரை எடுத்துக்கொண்டு தென்கோடிக்குப் போய், நடைக் கதவைத் தாண்டி ஓர் அடி வைத்தாள்.

தன் வீட்டு அடுக்களையில் நின்றாள்.

வெளியே வந்து மறுபடி போனாள். ஓர் அடி. அடுக்களை. ஒன்பது தடவை போனாள். ஒன்பது தடவையும் அடுக்களை. காப்பி ஆறவில்லை. அதையும் சரிசெய்திருந்தார்கள். ரெஜினாள் டம்ளரை வைத்துவிட்டுப் புகார் சொல்ல ஓடினாள்.

குறைதீர் அலுவலகம் ரேஷன் கடைக்கு அடுத்த கதவு. அதற்கு முன் அங்கே கதவு இருந்ததில்லை. உள்ளே மேஜைக்குப் பின்னால் ஓர் அலுவலர் இருந்தார். மேஜைக்கு மேலே தெரிகிற அளவுக்குத்தான் அவர் இருந்தார். மிச்சம் தேவைப்படாது என்று விட்டுவிட்டார்கள். அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

"சார், எங்க அக்கா வீட்டக் காணல."

"நடையா?"

"வீடு சார்."

"எங்க பதிவுல நடைன்னுதான் இருக்கு. நீளம் நூத்திப் பன்னெண்டு. கொறைக்கச் சொல்லி மனு வந்துச்சு. கொறச்சாச்சு. இப்ப ஒண்ணு."

"அந்த ஒரு அடி வச்சா எங்க அடுக்களல்லா வருது!"

"வரும். ஆகக் கொறஞ்ச தூரம் அதுதான்."

"அக்கா எங்க சார்?"

"நடை எதுக்கு இருந்துச்சு?"

"அக்காகிட்டப் போவ."

"அக்கா இருந்தா போவணும். போவணும்னா நடக்கணும். நடக்க முடியலன்னு மனு. நீங்களே யோசிச்சுப் பாருங்க."

ரெஜினாள் யோசித்துப் பார்த்தாள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். ஆனாலும் அதில் ஓட்டை எங்கே என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அதுதான் அவளுக்குப் பயத்தைக் கொடுத்தது.

"எந்த எடுபட்ட பய எழுதிக் குடுத்த மனு அது?" என்று கத்தினாள்.

அலுவலர் ஒரு சீட்டை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். 'அக்கா வீட்டு நடை ரொம்ப நீளம். போனால் சொன்னதையே சொல்கிறாள். சரி செய்யவும்.' கீழே கையெழுத்து. ரெஜினாளின் கையெழுத்து.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது கத்தித்தான் கெட்டது. இவள் இலவசச் சீட்டில் எழுதிக் கெட்டாள்.

"சும்மா எழுதினேன் சார். சீட்டு குடுத்தாவ, எழுதினேன்."

"எல்லாரும் அப்படித்தான்."

"என்னய முதல் பாகத்துக்கே அனுப்பிருங்க. நாய் கடிச்சாலும் பரவால்ல."

"அங்க உங்க இடத்துல ஆள் இருக்கே."

"யாரு?"

"நீங்கதான்." அலுவலர் பதிவேட்டில் விரலை வைத்து ஓட்டினார். "இப்ப நடையில எழுபதாவது அடி. கையில டம்ளர். மொகத்துல எரிச்சல்."

ரெஜினாள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சத்தில் அந்த ரெஜினாள் போய்ச் சேர்ந்துவிடுவாள். அக்கா காலைக் கழுவச் சொல்வாள். முணுமுணுத்துக்கொண்டே கழுவுவாள், மூதேவி. அவள் மேல் இவளுக்கு வந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல.

"அழாதீங்க. ஆளத்தான் எடுத்தோம். கொரல வீணாக்கல."

"கொரலா?"

"வழி தெரியாதவங்களுக்குக் குறிப்புச் சொல்லப் போட்டிருக்கோம். முதல் பாகத்துல அந்த வசதி இல்லன்னு பத்து மனு. யாராச்சும் மாட்டிக்கிட்டு, ஒரே இடத்துல அசையாம, பேசாம மூணு நிமிஷம் நின்னா கொரல் வரும்."

"மூணே நிமிஷமா?"

"மூணு. ஆனா இந்தப் பாகத்துல யாரும் மாட்டிக்க மாட்டாங்க. அதத்தான சரி பண்ணியிருக்கோம்."

அவர் சொன்னது உண்மைதான். ரெஜினாள் அன்று மத்தியானம் முழுக்க மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். நாயின் வாலை மிதித்தாள். நாய் நகர்ந்து வழிவிட்டு, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மூக்கால் காட்டியது. அலமாரிக்குள் புகுந்து இழுத்துச் சாத்திக்கொண்டாள். அலமாரி திறந்து அவளை மெல்ல வெளியே வைத்தது. நடுத்தெருவில் நின்றாள், தெரு தானாக நகர்ந்து அவளை அவள் வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்த்தது. உருப்படாமல் போவதற்குக்கூட ஒரு கொடுப்பினை வேண்டும் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது.

வாசலில்தான் விஷயம் இருந்தது. வாசற்படியை மட்டும் அவரவர் காலால்தான் தாண்ட வேண்டும். அதைப் பற்றி மட்டும் யாரும் சீட்டு எழுதியிருக்கவில்லை. கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே அடுக்களை தெரிந்தது. ரெஜினாள் படிக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். மூக்கு அரித்தது, சொறியவில்லை.

"கதவு தொறந்துதான் இருக்கு. உள்ள போ."

வாசல் நிலைக்கு மேலே, ஆள் இல்லாத இடத்திலிருந்து வந்தது. அக்கா குரலேதான். யாரு ரெஜினாளா என்பது இல்லை. வாட்டி என்பது இல்லை. மீனுக்குத் தலையும் வாலும் நறுக்குவதுபோல் தேவையில்லாததை எல்லாம் நறுக்கிவிட்டு நடுக்கண்டத்தை மட்டும் வைத்திருந்தார்கள். ரெஜினாள் நின்ற இடத்திலேயே விம்மி விம்மி அழுதாள்.

"வாரேன்க்கா" என்றாள். போகவில்லை.

மூன்று நிமிஷம்.

"கதவு தொறந்துதான் இருக்கு. உள்ள போ."

"வாரேன்க்கா."

ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. சொன்னதையே சொல்கிறாள் என்று மனுப் போட்டவள், சொன்னதையே சொல்வதை அன்று சாயங்காலம் வரை நின்று கேட்டாள். இருபத்தாறாவது தடவை குரலுக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு கேட்டது. "கால—" என்று ஏதோ தொடங்கி அறுந்தது. பிறகு கதவு தொறந்துதான் இருக்கு. நறுக்கினவன் அவசரத்தில் ஒரு நூலை விட்டுவிட்டான் போலிருக்கிறது. இருபத்தேழாவது தடவை, "காலக் க—" வரைக்கும் வந்தது.

ரெஜினாள் கணக்குப் போட்டாள். நின்றால் வந்துவிடும். இன்னும் கொஞ்சம் நின்றால் முழுசாக வந்துவிடும். முழுசாக வந்தால் ஆளும் வருவாள்.

அப்போதுதான் மிக்கேல் அண்ணாச்சி நாயோடு வந்தார்.

"என்னளா, அப்ப பிடிச்சு வாசல்லயே நிக்க?"

ரெஜினாள் பதில் சொல்லவில்லை. பேசினால் நிமிஷம் முதலிலிருந்து தொடங்கும்.

"ஏளா, மாட்டிக்கிட்டியா?"

இல்லை என்று சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. மாட்டிக்கொள்ளவில்லை என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டால் குரல் நின்றுபோகாதா? ஒரு தடவை எழுதிக் கெட்டது போதும்.

"ஆமா அண்ணாச்சி" என்றாள். "மாட்டிக்கிட்டேன்."

அண்ணாச்சிக்கு மனசு தாங்கவில்லை. தங்கமான மனுஷன். ஒருத்தர் கஷ்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா போகத் தெரியாது. "நீ கவலப்படாத, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு நேராக ரேஷன் கடைக்கு நடந்தார்.

கடைச் சுவரில் பழைய பெட்டி இருந்த இடத்தில் புதுப் பெட்டி மாட்டியிருந்தது. இரண்டாம் பாகத்தின் குறைகளை எழுதிப் போடவும். ஆளுக்கு ஒரு சீட்டு. சீட்டு இலவசம்.

ரெஜினாள் பார்த்துக்கொண்டே நின்றாள். அண்ணாச்சி சீட்டு வாங்கினார். பேனா வாங்கினார். சுவரில் சீட்டை வைத்து எழுதினார். என்ன எழுதுகிறார், அதைச் சரிசெய்தால் குரலும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். நாற்பது அடி தூரம்தான். ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிடலாம். இரண்டு நிமிஷம் நாற்பது நொடி ஆகியிருந்தது. ஓர் அடி எடுத்து வைத்தாலும், வேண்டாம் அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை கூப்பிட்டாலும், மறுபடி ஒன்றிலிருந்து.

அண்ணாச்சிக்குப் பின்னால் வரிசை கூடியது. விஷயம் தெருவெல்லாம் பரவிவிட்டது. ரெஜினாள் நல்லவள், பாவம், ரொம்ப நேரமாக வாசலிலேயே நிற்கிறாள். எல்லாரும் ஒரே குறையைத்தான் எழுதினோம். 'ரெஜினாள் வாசலில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். சரி செய்யவும்.' பத்தொன்பது சீட்டு விழுந்தது. ஒன்று என்னுடையது. எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன்.

வரிசை நகர்ந்துகொண்டிருந்தபோதே மூன்று நிமிஷம் ஆனது.

"காலக் கழுவி—" என்றது குரல். "கதவு தொறந்துதான் இருக்கு. உள்ள போ."

ரெஜினாள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். ஒரு பொட்டு மண் இல்லை. இந்தப் பாகத்தில் காலில் மண் ஒட்டுவதில்லை.

"கழுவிட்டு வாரேன்க்கா" என்றாள். அசையாமல் நின்றாள்.